அத்தியாயம் 5: இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும்போது

நீதிபோதனை வகுப்பு என்றால் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்கிற வகுப்பு என்பது பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரியும். கடன் போகாமல் தப்பித்த வாரங்களில் ஒரு கதை நடக்கும். முடிந்ததும் ‘இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்?’ என்று கேள்வி வரும். ‘பொய் சொல்லக் கூடாது சார்’ என்று வகுப்பே ஒரே குரலில் ஒப்பிக்கும். அதில் எந்தப் பிள்ளையும் எதையும் யோசித்து முடிவு செய்திருக்காது. கதை எழுதியவரே முடிவு செய்து கடைசி வரியில் வைத்துவிட்டுப் போயிருப்பார்.

பாடப்பொருளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. மேல்நிலை வகுப்பில் ‘அறவியலும் இந்தியப் பண்பாடும்’ என்று தனிப் பாடமே உண்டு. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பள்ளிப் பாடத்தில் சேர்க்கச் சொல்லி 2016இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. குறைவது பழக்கம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற ஒரு விஷயத்தில், காரணம் சொல்லி ஒரு பக்கம் நிற்கிற பழக்கம் பிள்ளைகளுக்கு வகுப்பில் கிடைப்பதே இல்லை. திருவண்ணாமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒன்பதாம் வகுப்பு முதல் கல்லூரி முதலாண்டு வரை சொல்லிக்கொடுப்பவர்களுக்காக இந்த அத்தியாயம். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் ஊரில் நடந்ததை வைத்துக்கொள்ளலாம், முறை மாறாது.

முதலில் மாணவர் தன் முடிவைச் சொல்ல வேண்டும். அடுத்து காரணம். அந்தக் காரணத்துக்கு அறவியலில் என்ன பெயர் என்பது கடைசியில்தான். கான்ட், மில் என்று தத்துவ அறிஞர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஆரம்பித்தால் பிள்ளைகள் அதைப் பரீட்சைக்கு வரும் என்று நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அதோடு சரி.

மூன்று ரூபாய்

முதல் வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான சம்பவம் இந்த ஊரில் கிடைக்காது. பெயர் சொல்லாமல் தொடங்குங்கள்.

1896 ஆகஸ்ட் 29, மதுரை. அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பதினாறு வயதுப் பையன் ஒருவன். இலக்கணப் பாடத்தைச் சரியாகப் படிக்காததற்குத் தண்டனையாக அதையே மூன்று முறை எழுத உட்கார்ந்திருக்கிறான். இரண்டு முறை எழுதியாயிற்று. பிறகு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், இப்படி இருப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு என்ற பொருளில் ஒரு வார்த்தை கடிந்து சொன்னார். தம்பிக்கு அது நியாயமாகவே பட்டது. பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று சொல்லி எழுந்தான். அப்படியானால் வீட்டில் ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு போய்த் தன் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிடும்படி அண்ணன் சொன்னார். பையன் பழைய அட்லஸ் ஒன்றைப் பார்த்தான். போக நினைத்த ஊருக்குப் பக்கத்து ரயில் நிலையம் திண்டிவனம் என்று தெரிந்தது. மூன்று ரூபாய் போதும் என்று கணக்குப் போட்டான். மீதி இரண்டு ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான். தன்னைத் தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம், கல்லூரிக் கட்டணம் இன்னும் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்பது கடிதத்தின் சாரம்.

இந்த இடத்தில் நிறுத்துங்கள். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, பெயர் போடாமல் ஒரே வரி எழுதச் சொல்லுங்கள்: மூன்று ரூபாயை எடுத்தது சரியா, தப்பா, ஏன்? கை தூக்கச் சொன்னால் முதல் பெஞ்ச் எந்தப் பக்கம் தூக்குகிறதோ அந்தப் பக்கமே வகுப்பு சாயும்.

சீட்டுகள் கைக்கு வந்தபின் பெயரைச் சொல்லுங்கள். அட்லஸ் என்றதுமே செங்கம் சாலைப் பிள்ளைகள் கண்டுபிடித்திருப்பார்கள், பரவாயில்லை. பையன் வேங்கடராமன், பிற்பாடு ரமண மகரிஷி. செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தவர், 1950இல் மறையும்வரை இந்த ஊரைவிட்டுப் போகவில்லை. இப்போது அடுத்த கேள்வி: பெயர் தெரிந்த பிறகு யாருக்கெல்லாம் பதிலை மாற்றிக்கொள்ளத் தோன்றுகிறது?

பலருக்குத் தோன்றும். ‘அவரைப் போய்த் திருட்டுன்னு எப்படி சார் சொல்றது?’ என்று ஒரு பிள்ளை சங்கடத்தோடு கேட்கும். நம் ஊர் வகுப்பறைகளில் அறவியலுக்குப் பெரிய தடை இந்தச் சங்கடம்தான். பெரியவர்கள் செய்ததை எடைபோட்டால் மரியாதைக் குறைவு என்று வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அதட்டாதீர்கள், கிண்டலும் வேண்டாம். கட்டணம் கட்டவில்லை, மீதி இவ்வளவு என்று கணக்கை எழுதிவைத்தவரே அவர்தான். அவர் எழுதிய கணக்கைத்தான் நாம் படிக்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் வாய் திறப்பார்கள்.

திறந்தபின் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பிற்காலத்தில் ஒருவர் என்னவாக ஆனார் என்பது, முன்னால் செய்ததைச் சரியாக்கிவிடுமா? அதே மதுரையில் அதே நாளில் இன்னொரு பையன் அதே மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு ஓடி, எங்கோ ஹோட்டலில் டம்ளர் கழுவிக் காலம் கழித்திருந்தால் நம் தீர்ப்பு என்ன? இங்கிலாந்துத் தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976இல் இதையே கேட்டார். குடும்பத்தை விட்டுவிட்டு ஓவியம் வரையத் தூர தேசம் போன பால் கொகேனின் வாழ்க்கையை ஒட்டி அவர் தன் உதாரணத்தை அமைத்தார். படம் நன்றாக வந்ததால் மன்னிக்கிறோமா? நன்றாக வராமல் போயிருந்தால்? பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதில் ஒரு மணி நேரம் பேசுவார்கள். பேசவிடுங்கள்.

அதற்குப் பிறகு சீட்டுகளைப் பிரியுங்கள். பெரும்பாலும் நாலு கட்டாக விழும். ‘அந்த மூன்று ரூபாயால்தான் உலகத்துக்கு ஒரு ஞானி கிடைத்தார்’ என்று எழுதியவர்கள் விளைவைப் பார்க்கிறார்கள்; பெந்தாமும் மில்லும் நின்ற பக்கம் அது. ‘கட்டணத்துக்கென்று நம்பிக் கொடுத்த பணம், வேறு எதற்கு எடுத்தாலும் தப்பு’ என்றவர்கள் கடமையின் பக்கம், கான்ட் தலையசைத்திருப்பார். ‘மீதியை வைத்து, கடிதமும் எழுதினவன் எப்படித் திருடன் ஆவான்?’ என்றவர்கள் செயலைத் தாண்டி ஆளின் குணத்தைப் பார்த்தவர்கள், அரிஸ்டாட்டில் வழி. நாலாவது கட்டு சிறியதாக இருக்கும்: ‘அண்ணன் காலேஜில் என்ன சொல்லிச் சமாளித்திருப்பார்? மானாமதுரையில் இருந்த அம்மாவுக்கு யார் போய்ச் சொன்னது?’ உறவையும் பொறுப்பையும் வைத்து யோசிக்கும் இந்தப் பார்வையை அறவியல் நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை. கேரல் கில்லிகன் 1982இல் புத்தகம் எழுதிய பிறகுதான் அதற்கு உரிய இடம் கிடைத்தது. அந்தச் சீட்டை எழுதிய பிள்ளை யாரென்று தெரியாவிட்டாலும், வகுப்பில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். அம்மா 1898இல் தேடிவந்து கெஞ்சியும் மகன் திரும்பவில்லை என்பதையும், 1916இல் அம்மாவே வந்து மகனோடு தங்கிவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். ஒரு முடிவுக்கான விலையை எடுத்தவர் மட்டும் கொடுப்பதில்லை என்று இங்கேயே பிடிபட்டுவிடும்.

இப்படிப் பிரித்த பிறகு கோட்பாட்டின் பெயர்கள் பிள்ளைகளுக்கு அந்நியமாக இருக்காது. அவர்கள் எழுதிய வரிக்கே பெயர் வைத்திருக்கிறோம்.

ஸ்பெஷல் கிளாஸ் பொய்

பணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பொய்யை மறந்துவிடுவார்கள். நீங்கள் நினைவூட்டுங்கள். அடுத்த வகுப்புக்கு அது போதும்.

வாய்மை அதிகாரத்தின் முதல் இரண்டு குறள்களைப் பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். தீங்கு தராத சொல்லே வாய்மை என்கிறது முதலாவது. குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறது இரண்டாவது. மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த பிள்ளைகள் பலர், வள்ளுவர் இப்படி ஒரு வாசலைத் திறந்துவைத்திருக்கிறார் என்பதைக் கவனித்தே இருக்க மாட்டார்கள். எதிர்ப்பக்கம் கான்ட். கொலைகாரன் வாசலில் நின்று, உள்ளே ஒளிந்திருப்பவர் எங்கே என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று 1797இல் ஒரு கட்டுரையே எழுதினார். இருவரையும் மோதவிட்டால் வகுப்பு கிட்டத்தட்ட முழுவதும் வள்ளுவர் பக்கம் சேர்ந்துவிடும். நானும் அந்தப் பக்கம்தான். ஆனாலும் கான்ட் பக்கம் பேச நாலு பேரையாவது நீங்களே நியமியுங்கள். ‘நன்மை விளையும் என்று முன்கூட்டி யாருக்குத் தெரியும்? பொய் சொல்கிறவன் எல்லோரும் நல்லதுக்குத்தான் சொன்னேன் என்பான்’ என்று அவர்கள் எழுந்து சொன்னால் குறளில் உள்ள ‘குற்றமற்ற’ என்ற நிபந்தனையின் கனம் வகுப்புக்கு விளங்கும்.

சாத்தனூர், இரவு

கல்லூரிப் பாடத்தில் ட்ராலிப் புதிர் வரும். கட்டுப்பாடு இழந்த வண்டி, ஒரு தடத்தில் ஐந்து பேர், பக்கத்துத் தடத்தில் ஒருவர், திருப்பிவிடலாமா? பிலிப்பா ஃபுட் 1967இல் எழுப்பியது, நல்ல புதிர்தான். எனக்கு அதில் உள்ள குறை, எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருப்பது. எத்தனை பேர் சாவார்கள் என்று எண்ணிச் சொல்லிவிட்டு முடிவு கேட்கிறார்கள். நிஜத்தில் முடிவு எடுக்கிறவருக்கு அந்த எண்ணிக்கை தெரியாது. நம் மாவட்டத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது.

தென்பெண்ணைக்குக் குறுக்கே 1958இல் திறக்கப்பட்டது சாத்தனூர் அணை. முழு மட்டம் 119 அடி. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் கடைசியில் புதுச்சேரி அருகே கரையேறி அங்கேயே நின்றுவிட்டது. மேலே ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை. நீர்வரத்து மணிக்கு மணி ஏற, திறப்பும் ஏறியது. டிசம்பர் 2 விடியற்காலையில் நொடிக்கு 1,68,000 கன அடி. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஆற்றங்கரை ஊர்கள் மூழ்கின. சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் போக்குவரத்து நின்றது. முன்னறிவிப்பு இல்லாமல் திறந்துவிட்டார்கள் என்றன எதிர்க்கட்சிகள். ஐந்து முறை எச்சரிக்கை விட்டுப் படிப்படியாகவே திறந்தோம் என்றது அரசு.

வகுப்பில் இதை நடத்தும்போது இந்த ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரத்தை முதலில் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் ‘முன்னாடியே திறந்திருக்கணும்’ என்று எல்லோரும் அறிவாளி ஆகிவிடுவார்கள். தகவலை வந்த வரிசையில் கொடுங்கள். முதல் சீட்டு: டிசம்பர் 1 பகல், அணை ஏறக்குறைய நிரம்பியிருக்கிறது, புயல் நகரவில்லை. இப்போதே நிறையத் திறந்தால் கீழே வெள்ளம் மெதுவாகப் போகும். மழை விட்டுவிட்டால் பாசனத்துக்கும் குடிநீருக்கும் வைத்திருந்த தண்ணீர் கடலுக்குப் போயிருக்கும். என்ன செய்வீர்கள்? வகுப்பை நாலு குழுவாகப் பிரியுங்கள்: அணைப் பொறியாளர், ஆட்சியர், ஆற்றங்கரைக் குடும்பம், ஆயக்கட்டு விவசாயி. ஒவ்வொரு குழுவும் தன் முடிவை எழுதிய பிறகுதான் அடுத்த சீட்டு. ராத்திரியில் மேலே மழை கொட்டுகிறது. மறுபடி முடிவு. அணைக்கே ஆபத்து என்ற நிலை வந்தால் திறக்காமல் இருக்க வழியில்லை என்பதைப் பொறியாளர் குழு கடைசியில் உணரும். அந்த நேரத்தில் சாத்தனூரில் நடப்பது அறவியல் முடிவே இல்லை, வேறு வழி இல்லாத செயல். நிஜமான முடிவுகள் பகலிலேயே எடுக்கப்பட்டுவிட்டன. எச்சரிக்கை எந்த வீட்டுக்கு, எந்த நேரத்துக்கு, தண்டோராவிலா போனிலா போய்ச் சேர்ந்தது என்பதிலும் அடங்கியிருக்கின்றன. செல்போனை அணைத்துவிட்டுத் தூங்கிய கிழவிக்கு எச்சரிக்கை விட்டதாகக் கணக்கில் கொள்ளலாமா என்று ஆற்றங்கரைக் குழு கேட்டால் வகுப்பு நன்றாகப் போகிறது என்று அர்த்தம்.

ஒரு கட்டுப்பாடு வையுங்கள். எதிர்க் குழுவுக்குப் பதில் சொல்லும் முன், அவர்கள் காரணத்தை அவர்களே ‘ஆமாம், அதைத்தான் சொன்னோம்’ என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குக் கடினமாக இருக்கும். பெரியவர்களுக்கு இன்னும் கடினம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அதே டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். நகரத்துப் பள்ளிகளில் அதை வகுப்புக்கு எடுக்காதீர்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை அவர்களோடு விளையாடியிருக்கலாம். அறவியல் கற்பிக்கிறவர் முதலில் கவனிக்க வேண்டியது எதிரே இருப்பவர் மனசை. அதற்குப் பதிலாக, பன்னிரண்டு நாள் கழித்து வந்த கார்த்திகை தீபத்தை எடுக்கலாம். அதற்கு முன்பெல்லாம் மகா தீபத்தன்று சுமார் 2,500 பேரை மலையேற அனுமதித்துவந்தார்கள். 2024 டிசம்பர் 13 அன்று, வல்லுநர் குழு பார்த்துவிட்டு மண் இளகியிருக்கிறது என்று சொன்ன பிறகு, பக்தர்களுக்கு அனுமதி இல்லை. கொப்பரையும் நெய்யும் மேலே போயின. வழிவழியாக ஏற்றிவரும் பர்வத ராஜகுலத்தார் தீபம் ஏற்றினார்கள். நேர்த்திக்கடன் உள்ளவர் ஏறக் கூடாதா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். கூர்மையான பிள்ளை வேறொன்று கேட்கும்: பக்தருக்கு ஆபத்தான மலை, நெய் சுமப்பவருக்கு மட்டும் ஆபத்தில்லாமல் போகுமா? கடமை, சம்மதம், வேறு ஆள் இல்லாமை மூன்றும் அந்தக் கேள்விக்குள் இருக்கின்றன. அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதீர்கள்.

மேல்மா

செய்யாறு, வந்தவாசிப் பக்கத்து ஆசிரியர்களுக்கு இன்னொரு சம்பவம் வாசலிலேயே இருக்கிறது. மேல்மா சிப்காட் விரிவாக்கத்துக்கு 3,000 ஏக்கருக்கும் மேல் நிலம் எடுப்பதை எதிர்த்து 2023இல் விவசாயிகள் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். நவம்பரில் ஏழு பேர்மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது; எதிர்ப்பு எழுந்ததும் ஆறு பேர்மேல் போட்டது சில நாளில் விலக்கப்பட்டது. பெரும்பாலோருக்குக் கிடைக்கும் நன்மைக்காகச் சிலரிடம் இருப்பதை எடுக்கலாமா என்பது மில்லுக்கும் அவரை எதிர்த்தவர்களுக்கும் நடுவில் நடக்கும் பழைய சண்டை. ஆனால் இந்த வகுப்பில் ஒரு பெஞ்சில் நிலம் போகிற வீட்டுப் பிள்ளையும், பக்கத்து பெஞ்சில் அக்கா ஷூ கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிற பிள்ளையும் இருப்பார்கள். இருவரில் யாரும் சுயநலக்காரர் இல்லை. இருவரும் பேச வேண்டும். தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு நடத்துங்கள்.

டீயும் தண்ணீர் பாட்டிலும்

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பயிற்சி சின்னதாக இருக்கட்டும். பௌர்ணமி இரவு, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை, ராத்திரி பதினோரு மணி. உங்கள் சித்தப்பா கடையில் உதவிக்கு நிற்கிறீர்கள். அச்சடித்த விலை 20 ரூபாய் போட்ட தண்ணீர் பாட்டிலை 25க்கு விற்கச் சொல்கிறார். வழக்கமாக 12 ரூபாய்க்குத் தரும் டீயை இன்றைக்கு 20. எதைச் செய்வீர்கள், எதை மறுப்பீர்கள், சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வீர்கள்?

பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது சட்டப்படி குற்றம். டீக்கு அப்படி விலை ஏதும் அச்சிடவில்லை. எவ்வளவு சொன்னாலும் சட்டம் கேட்காது. சட்டம் கேட்காததெல்லாம் சரியாகிவிடுமா என்று பிள்ளையே யோசிக்க வேண்டும். வெறுங்காலோடு வந்து நிற்கும் பாட்டிக்கும், காரில் வந்து இறங்கியவருக்கும் ஒரே விலையா என்றும் கேட்கலாம். மூன்றாவது கேள்விதான் மிக முக்கியம். ‘சித்தப்பாவைப் போலீஸில் பிடித்துக்கொடுப்பேன்’ என்று எழுதும் பிள்ளை பரீட்சைக்கு எழுதுகிறது. ‘பாட்டில் மட்டும் நான் விக்கலை சித்தப்பா, டீயைப் பாத்துக்கறேன்’ என்று எழுதும் பிள்ளை உண்மையிலேயே அந்தக் கடையில் நின்று பார்த்திருக்கிறது.

மதிப்பெண் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் முடிவுக்குப் போடாதீர்கள். தன் முடிவால் யார் நஷ்டப்படுகிறார் என்று எழுதியிருக்கிறதா, எதிர்ப்பக்கத்தின் வலுவான காரணத்தை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பாதி மார்க்.

வகுப்பு முடியும்போது ‘நீங்க என்ன சொல்றீங்க மிஸ்?’ என்று கேட்பார்கள். ‘இதற்குச் சரியான பதில் என்று ஒன்று கிடையாது’ என்று நழுவிவிடுவது பல பயிற்சிக் கையேடுகள் சொல்லும் யோசனை. அது எனக்கு உடன்பாடு இல்லை. அப்படிச் சொல்லிச் சொல்லி, அவரவர் மனசுக்குப் பட்டதுதான் நியாயம் என்ற முடிவுக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிறோம். சீட்டுகள் எல்லாம் கைக்கு வந்த பிறகு உங்கள் முடிவைச் சொல்லுங்கள். காரணத்தோடு சொல்லுங்கள், அதில் யாருக்கு நஷ்டம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு பிள்ளை எழுந்து மறுத்தால் உட்காரச் சொல்லாதீர்கள்.